பழசுக்கு ஆளில்லாத மூன்று சீசன்

பழம்பொருள் வியாபாரத்தில் சரக்கு கெட்டுப்போகாது, வியாபாரிதான் கெட்டுப்போவான். ஜவுளி வைத்து நொடித்தவர்களே, பாத்திரம் வைத்து நொடித்தவர்களே, மிட்டாய்க் கடை வைத்துத் தானே தின்று தீர்த்தவர்களே, உங்கள் வரிசையில் ஒரு ஓரமாக எனக்கும் இடம் கொடுங்கள். நெல் விலை மண்ணாய்ப் போன அந்த வருஷங்களில், குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற பாதையில், பழைய விளக்கு, பாக்குவெட்டி, சீன ஜாடி, தஞ்சாவூர்ப் படம் எல்லாம் விற்கிறேன் என்று போர்டு எழுதி மாட்டியவன் நான். சீமையில் என்னவோ பாங்கியெல்லாம் படுத்துவிட்டதாம். சீமையில் பாங்கி படுத்தால் குற்றாலத்தில் எனக்கு ஏன் முதுகு ஒடிய வேண்டும்? இதைக் கேட்காத ஆளில்லை, பதில் சொன்ன ஆளுமில்லை. நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தலையை ஆட்டிக்கொள்ளுங்கள்.

ராஜினாமா

கடைக்கு முந்தி நான் தென்காசி ரிஜிஸ்தர் ஆபீஸில் நகல் குமாஸ்தா. கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், பாகப் பத்திரம் என்று ஊரான் சொத்தையெல்லாம் எழுதி எழுதியே விரல் காய்த்துப் போனவன். ஒரு ஆடி மாதம் குற்றாலத்தில் சாரலுக்கு ஒதுங்கி நின்றபோது, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் துரை என் கையிலிருந்த பாக்குவெட்டியைப் பார்த்துவிட்டார். கிளி மூக்கு வைத்த பழைய பித்தளைப் பாக்குவெட்டி. எங்கள் வீட்டில் எத்தனை காலமாகக் கிடந்ததோ, யார் கண்டார்கள். கேட்டார், கொடுத்தேன். அவர் எடுத்து நீட்டியது என்னுடைய ஒரு மாதச் சம்பளம்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. எந்த வீட்டுக்குப் போனாலும் ஆட்களைப் பார்க்கமாட்டேன், உத்தரத்தில் தொங்குகிற தூக்கு விளக்கைப் பார்ப்பேன். சாவு வீட்டுக்குப் போய்க்கூட, துக்கம் கேட்கிற வாக்கில், மூலையில் கிடந்த வெண்கலக் குத்துப்போணிப் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். மனிதன் இப்படியா கெட்டுப்போவான்! அடுத்த சித்திரையில் வேலையை உதறினேன். பென்ஷன் உள்ள சர்க்கார் வேலை. சொந்தக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்து தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். என் சம்சாரம் உலகம்மாள் மட்டும் "உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். ராஜினாமாக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்த ஹெட் கிளார்க், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இங்கன மாசம் பொறந்தா சம்பளம் வே. அங்கன மழை பெஞ்சாத்தான் சம்பளம். கொடை வச்சிருக்கீரா?"

துரைசாணியும் ஜாடியும்

முதல் சீசன். ஆனி மாதம் சாரல் பிரமாதமாக இறங்கிவிட்டது. அருவியிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் வருஷம் தவறாமல் துரைமார் வந்து தங்குகிற பங்களாக்களில் பாதி பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த பங்களாக்களிலிருந்து வந்தவர்கள் என் கடைக்குள் நுழைந்து, எல்லாவற்றையும் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு ஒழுங்கு! ஒன்றையாவது கீழே போட்டு உடைத்தால் அந்தச் சாக்கிலாவது காசு கேட்கலாமே என்று நான் காத்திருந்தது கடவுளுக்குத் தெரியும்.

ஒரு துரைசாணி, பட்லர் கூட வர, நீலப் பூப் போட்ட சீன ஜாடி முன்னால் நின்றவள் நின்றவள்தான். என் கூட்டாளி மைதீன் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்த ஜாடி அது. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து, அவர்கள் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் போடப் பயன்பட்டது. பத்துத் தண்ணீரில் கழுவியும் ஊறுகாய் வாசம் போகவில்லை. துரைசாணி அதற்குள் மூக்கை விட்டுப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ சொன்னாள். "ரொம்ப அழகா இருக்காம்" என்றான் பட்லர். ஒரு மணி நேரம் அந்த ஜாடியைத் தடவிக்கொடுத்துவிட்டு, கண் கலங்கினமாதிரி எனக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நான் பட்லரைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் இவ்வளவு ஆசைப்பட்டுவிட்டு வாங்காமல் போகிறாள் என்று கேட்டேன்.

"தொரைக்குச் சம்பளத்துல பிடிச்சுட்டாவ, அண்ணாச்சி. மோட்டாரை வித்துட்டு பஸ்ஸுல வந்திருக்காவ. உம்ம ஜாடியை வாங்கி, அதுல போட்டு வைக்க அவுககிட்ட என்ன இருக்கு?"

மைதீனின் கூப்பாடு

மைதீன் தறிக்கார வீட்டுப் பிள்ளை. கொழும்புக்கு அனுப்பிய கைலிக் கட்டுகள் அப்படியே திரும்பி வந்ததும் தறியை நிறுத்திவிட்டு ஒரு பழைய சைக்கிளோடு என்னிடம் சேர்ந்தவன். ஊர் ஊராகப் போய், "பழைய சாமான் இருக்கா, பழைய சாமான்" என்று கூப்பிட்டு, பார்த்து வாங்கி வருவது அவன் வேலை. கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவது என் வேலை. எங்கள் இரண்டு பேரில் எவன் வேலை கஷ்டம் என்று அடிக்கடி சண்டை வரும்.

சண்டை முற்றி ஒருநாள் நானும் அவனோடு மேலகரத்தைத் தாண்டிக் கிராமங்களுக்குப் போனேன். நான் கூப்பிட்ட லட்சணத்துக்கு ஒரு வீட்டில் உடைந்த கலப்பையைக் கொண்டுவந்து காட்டினார்கள். இன்னொரு வீட்டில், காது அறுந்த வாளி. மூன்றாவது வீட்டில் ஒரு பெண் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த பலகையின் ஓரத்தில் அன்னம் செதுக்கியிருந்தது.  "அம்மா, அந்தப் பலகை பழசுல்லா, கொடுத்திருதியளா?" என்று கேட்டேன். அவள் முறத்தை நிறுத்தவே இல்லை.

"புதுசு ஒண்ணு வாங்குனாத்தான் இது பழசு. எங்க வீட்டுல கெடக்கது எல்லாம் நடப்புச் சாமான். போயிட்டு வாங்க."

கடை நிறைய ஆள்

இரண்டாவது சீசனில் ஒருநாள் என் கடையில் நிற்க இடமில்லாமல் கூட்டம் நின்றது. பொய் சொல்லவில்லை. மழை திடீரென்று கொட்டியதில், அருவியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தவர்கள் இருபது பேருக்குமேல் உள்ளே ஏறிவிட்டார்கள். எண்ணெய் தேய்க்கிற ஆள்கூடத் தன் கிண்ணத்தோடு ஏறி ஒரு மூலையில் குந்திக்கொண்டார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. தஞ்சாவூர்ப் படத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே, இது இன்ன ராஜா காலத்துப் படம், இந்தச் சிமிழ் தந்தத்தில் கடைந்தது என்று தொண்டை கட்டுகிறவரைக்கும் சொன்னேன். மழை விட்டது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். தரை முழுக்கச் சேறு.

ஒரே ஒருத்தர் மட்டும் போகாமல் நின்றார். நல்ல ஆள். தலைப்பாகையை அவிழ்த்துப் பிழிந்து மறுபடி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சாமானாகத் தொட்டுப் பார்த்தார். தூக்கு விளக்கைப் பார்த்தார். ஊஞ்சல் சங்கிலியைக் கையில் எடுத்து எடை பார்த்தார். சரி, ஒரு ஆளாவது அகப்பட்டானே என்று நான் காகிதம் எடுத்துப் பொட்டலம் மடிக்கத் தயாராகிவிட்டேன். அவர் என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், ரொம்பத் தயங்கிச் சொன்னார்.

"இது அம்புட்டும் எங்க வீட்டுலயும் கெடக்கு அண்ணாச்சி. நீங்க எடுத்துக்கிடுவீயளா?"

வெற்றிலைச் செல்லம்

அந்த மழைக்காரர் முதல் ஆள். அவருக்குப் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள். மைதீன் இனிமேல் ஊர் ஊராகப் போய்க் கத்த வேண்டியதில்லை. ஊரே எங்களைத் தேடி வந்தது. சுமங்கலிகள் குங்குமச் சிமிழ் கொண்டுவந்தார்கள். ஒரு வாத்தியார் பூஜைப் பெட்டி கொண்டுவந்து, சாமியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். வாங்குவதற்கு என்னிடம் பணம் இல்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. பாதிப் பேருக்குத் தண்ணீர் கொடுத்து, ஆறுதல் சொல்லி அனுப்புவதுதான் தினப்படி வியாபாரம்.

சுரண்டையிலிருந்து ஒரு பண்ணையார் வந்தார். முந்தின வருஷம் மைதீனை வாசல் கேட்டுக்கே அண்டவிடாமல் விரட்டியவர். வெயில் அடிக்கிற நாளில் குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார். துண்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளி வெற்றிலைச் செல்லத்தை எடுத்து வைத்தார். கொடி வேலையில் நகத்தளவு குறை இருக்காது. நான் திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டு வெற்றிலையும் ஒரு கொட்டைப் பாக்கும் கிடந்தன. அவர் அவசரமாக அதை எடுத்து வேட்டி மடியில் சொருகிக்கொண்டார். நான் பேரம் பேசவில்லை. என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். அது நியாயமான விலையில் பாதிகூட இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். படி இறங்கும்போது மட்டும் திரும்பினார்.

"வித்துட்டான்னு நெனைக்காதீரு. வீட்டுல சாமான் அடைசலா கெடக்கு, அதான் ஒழிச்சேன்."

தராசில் நின்ற பெண்

பங்குனி மாதம். மூன்றாவது சீசனுக்குக் கடை வாடகையை முன்கூட்டியே கட்டினால்தான் இடம் நிற்கும். அந்தப் பணத்தை மடியில் முடிந்துகொண்டு புறப்பட்டவன், வழியில் மைதீன் கூப்பிட்டான் என்று தென்காசியில் ஒரு பாத்திரக்கடைக்குள் போனேன். போயிருக்கக்கூடாது. அச்சன்புதூர் அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரித்ததில், யாருக்கும் பிரிக்க முடியாத வெண்கலச் சாமானையெல்லாம் உருக்குவதற்குப் போட வண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். உருளி, குத்துவிளக்கு, அண்டா எல்லாம் தரையில் கிடந்தன. தராசுத் தட்டில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

ஒன்றரை முழ உயரம். இரண்டு கையிலும் அகல் ஏந்திய பாவை விளக்கு. வலது தோளில் ஒரு கிளி. முதுகில் சடை இறங்கி இடுப்புக்குக் கீழே போகிறது. உடம்பு முழுக்க எண்ணெய்க் கரி. கரிக்கு நடுவே பாசி பிடித்தமாதிரி பச்சைக் களிம்பு. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு இருந்தது, பாருங்கள், சிரிக்கலாமா வேண்டாமா என்று அவளே முடிவு பண்ணாத சிரிப்பு. எத்தனையோ சாமான் பார்த்தவன் நான். அப்படி ஒன்றை அதற்கு முந்தியும் பார்க்கவில்லை, பிந்தியும் பார்க்கவில்லை. எடைக்கு மேலே கொஞ்சம் போட்டு, மடியை அவிழ்த்து, கடை வாடகை முழுவதையும் அந்த அண்ணன் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.  இதை ஒரு மியூசியத்துக்கு விற்றால் கடை நிற்கும், என் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகும். விற்காவிட்டால் போர்டைக் கழற்றவேண்டியதுதான். பாத்திரக்கடைக்காரர் பாவையைத் தட்டிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தார்.

"நீங்க மூஞ்சியப் பாக்கீய அண்ணாச்சி, நான் தராசு முள்ளப் பாக்கேன். ரெண்டு பேர்ல எவன் முட்டாள்னு ஆடி மாசம் தெரிஞ்சிரும்."

மியூசியத்துக்குக் கடுதாசி

நகல் குமாஸ்தா இங்கிலீஷில் இரண்டு பெரிய மியூசியங்களுக்கு எழுதினேன். எழுதியது காவியம். ஒரு மியூசியத்திலிருந்து இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்களுக்குக் கடைத்தெரு தபால்காரர் சொந்தம் போலப் பழக்கம். கவரைக் கொடுத்துவிட்டுப் போகமாட்டார், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அவருக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். சிக்கன நடவடிக்கை காரணமாக இந்த வருஷம் எந்தப் பொருளும் வாங்குவதற்கில்லை. ஆனால் தாங்கள் அதை இனாமாகக் கொடுக்க மனமுவந்தால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வோம். தங்கள் பெயரை ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைப்போம்.

தபால்காரர் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"சர்க்காரே ஓசிக்குக் கையை நீட்டுனா, பிச்சைக்காரன் எங்கன போவான் அண்ணாச்சி?"

வெள்ளிக்கிழமை

இரண்டாவது மியூசியத்திலிருந்து வந்த பதில்தான் என்னைக் கொன்றது. வாங்க நிதி கொஞ்சம் இருக்கிறதாம். அவர்கள் ஆபீஸர் ஒருத்தர் ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பாராம். பொருளைத் துடைக்கவோ துலக்கவோ வேண்டாம், இருக்கிற நிலையிலேயே இருக்கட்டும் என்று கீழே கோடு போட்டு எழுதியிருந்தார்கள். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும், களிம்புதான் வயதுக்குச் சாட்சி. பச்சை ஏற நூறு வருஷம் ஆகும், போக ஒரு உருண்டை புளி போதும். கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அதற்குள் கடை இடம் கையைவிட்டுப் போய்விட்டதால் சாமானெல்லாம் மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்திருந்தன. பாவை, அரங்குவீட்டு உள்ளறையில் சாக்குக்குள் நின்றாள். ஆபீஸர் இந்த ஒரு சாமானை எடுத்துக்கொண்டால், ஆவணிக் கடைசிக்காவது வேறு இடம் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நான் வீட்டில் தொழில் பேசுகிற ஆள் இல்லை. பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்கிற திமிர்தான், வேறென்ன. அந்தத் திமிருக்குச் செருப்பால் அடிக்கவேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸரை எதிர்கொண்டு கூட்டிவரத் திருநெல்வேலிக்கு ரயிலேறப் போகும்போது, உலகம்மாளிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். "சனிக்கிழமை பெரிய ஆபீஸர் வருதாரு. அந்த விளக்கு ஒண்ணுதான் நம்மளக் காப்பாத்தணும்." அவ்வளவுதான் சொன்னேன். துலக்காதே என்று சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை காலை ஆபீஸரோடு வண்டியில் வந்து இறங்கினேன். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். வழியெல்லாம் பழைய விக்கிரகங்களைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு மூன்று வருஷத்தில் அன்றுதான் வயிறு குளிர்ந்திருந்தது. வாசலில் மாக்கோலம். உள்ளே கூடத்தில், மணைப் பலகைமேல், புதுத் தங்கம்மாதிரி ஒருத்தி நின்றாள். நெற்றியில் சந்தனம், குங்குமம். சடையில் ஒரு முழம் பிச்சிப்பூ. களிம்பு பொட்டளவு கிடையாது. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. வேறு ஏதோ விளக்கு என்று நினைத்தேன். பிறகு தோளில் அந்தக் கிளியைப் பார்த்தேன். 

ஆபீஸர் குனிந்து உட்கார்ந்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பாவையின் கண், காது, விரல், பாதம் எல்லாம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு, காப்பி கொண்டுவந்த உலகம்மாளின் கைகளைப் பார்த்தார். விரலெல்லாம் புளியில் ஊறி வெளுத்துச் சுருங்கி, நகக்கண்ணில் கருப்பு ஏறியிருந்தது. "எப்பம்மா தேய்ச்சீங்க?" என்று கேட்டார். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நேத்து வெள்ளிக்கிழமைல்லா ஐயா? விடியக்காலம் உக்காந்தேன், வெளக்கு வைக்கையிலதான் எந்திரிச்சேன். மூணு உருண்டை புளி, ஒரு சட்டி செங்கல்பொடி. வீட்டுல வெள்ளிக்கிழமை வெளக்கு அழுக்கா நிக்கலாமா?" என்றாள். "நிக்கக்கூடாதும்மா" என்றார் அவர். காப்பியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

என்னை வாசலுக்குக் கூட்டிவந்து, வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். பணம் தாராளமாக இருந்த காலமென்றால் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்துவிடுவாராம். இப்போது ஒவ்வொரு பொருளையும் தள்ளுவதற்கு ஒரு காரணம் அகப்படாதா என்றே மேலே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்களாம். போன மாதம் வார்த்தது இல்லை என்பதற்கு இதில் இப்போது என்ன சாட்சி என்று கேட்பார்களாம். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை, உங்களில் கெஞ்சாதவர்கள் யார்? அவர் என் தோளைத் தொட்டார்.

"நான் நம்புறேன். என் ஃபைல் நம்பாது."

முதுகுப் பக்கம்

வண்டி தெருமுனை திரும்பும்வரைக்கும் நின்றேன். உள்ளே போய் அவளை நாலு வார்த்தை கேட்டுவிடவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் படியேறினேன். மூன்று வருஷத்து ஆத்திரமும் நாக்கு நுனியில் நின்றது. ஹெட் கிளார்க்கிடம் காட்ட முடியாதது, துரைசாணியிடம் காட்ட முடியாதது, சீமைப் பாங்கிக்காரனிடம் காட்ட முடியாதது, அத்தனையையும் கொட்டுவதற்கு எனக்கு ஒரு ஆள் வசமாக அகப்பட்டிருந்தாள். உலகம்மாள் பாவைக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையால் அதன் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையைக் குவிக்க முடியாமல் விரல்களை விரித்தபடியே துடைத்தாள். வலி போலிருக்கிறது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தினாள்.

"வேண்டாம்னுட்டாவளா?" என்றாள். ஆமாம் என்றேன். ஏன் என்று கேட்டாள்.  மியூசியத்தில் பணமில்லையாம் என்றேன். அவள் நம்பவில்லை. பணமில்லாதவர் எதற்காக ரயில் டிக்கட் எடுத்து இவ்வளவு தூரம் வருகிறார் என்று அவளுக்குத் தெரியாதா? பாவையைப் பலகையோடு மெதுவாகத் திருப்பினாள். சடை மடிப்புக்குள், துணி நுழையாத இடுக்கில், நகக்கீறல் அளவுக்குக் கொஞ்சம் கரி நின்றது. அதைப் பார்த்ததும் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"இதக் கண்டுதான் வேண்டாம்னுருக்காவ. நேத்தே நெனைச்சேன், இன்னொரு உருண்டை புளி போட்டுத் தேய்ச்சிருக்கணும். என்னாலதான் கெட்டுது, என்னைய ஒண்ணும் சொல்லாதீய."

அந்த மூன்று சீசனில் என் கடைக்காக மனசார உழைத்தது அவள் ஒருத்திதான், கடையை ஒரேயடியாக இழுத்து மூட வைத்ததும் அந்த உழைப்புத்தான்.